அரான்ட்சாசுக் கோயிலும் பாஸ்க் மரபின் மறுமலர்ச்சியும்

கி.பி. 1542ஆம் ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்த பிரான்சிசு சவேரியார், 1544 சனவரியில் கொச்சியிலிருந்து தம் சபைத் தோழர்க்கு நீண்டதொரு மடல் வரைந்தார். தாம் கூறுவது கடற்கரை மக்களுக்கு விளங்கவில்லை என்றும், அவர்கள் கூறுவது தமக்கு விளங்கவில்லை என்றும் அதில் குறிப்பிடும் அவர், அதற்குரிய காரணத்தையும் உடன் உரைக்கின்றார். அவர்களது தாய்மொழி 'மலபார்'; தம்முடையது 'விஸ்காயம்'. மலபார் என்பது அக்காலப் போர்த்துகீசியர் தமிழுக்கு வழங்கிய பெயர். விஸ்காயம் என்பது காஸ்தீலிய மொழியினர் பாஸ்க் மொழிக்கு வழங்கிய பெயர். நவார நாட்டில் 1506இல் பிறந்த சவேரியாரின் வாயிலாகத் தமிழும் பாஸ்க்கும் நம் கடற்கரையில் ஒருமுறை எதிரெதிர் நின்றன என்பதற்கு அம்மடல் சான்றாகும்.

அம்மடல் எழுதப்பெற்ற மறு ஆண்டில், 1545இல், பாஸ்க் மொழியின் முதல் அச்சு நூல் பிரான்சு நாட்டுப் போர்தோ நகரில் வெளிவந்தது. பெர்னார்ட் எச்செப்பாரே என்னும் குரு இயற்றிய செய்யுள் நூல் அது. தம் மொழி வீட்டை விட்டு வெளிவந்து உலக மொழிகளோடு ஒப்ப நடமாட வேண்டும் என்னும் வேட்கை அந்நூலில் வெளிப்படையாகவே பாடப்பெற்றுள்ளது. சவேரியாரின் வழிவந்த அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் தமிழெழுத்தில் கொல்லத்தில் அச்சேறியது 1578இல் ஆகும். அச்சு வாழ்வில் ஏறத்தாழ ஒரே தலைமுறையைச் சார்ந்தவை இவ்விரு மொழிகளும். ஆயின் அச்சேறிய மொழி யாவும் வளர்ந்து விடுவதில்லை. எச்செப்பாரேயின் வேட்கை நிறைவேற நானூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்துப் பாஸ்க் நூல்களுட் பெரும்பாலானவை சமயத் தேவைக்கென எழுந்தவையே.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பொதுவிடங்களில் ஒடுக்கப்பட்டுக் கிடந்த ஒரு மொழிக்கு உரியவர்கள், அந்நூற்றாண்டு முடிவதற்குள் சிற்பத்திலும் இசையிலும் இலக்கியத்திலும் உலகம் மதிக்கும் புதுக்கலைகளைப் படைத்தது எங்ஙனம்? 'தொன்மையான மரபு இடையறாது ஓடிவந்தமையால்' என்பது பலரும் கூறும் விடை. அவ்விடை வரலாற்றிற்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. மரபு அறுந்து போகும் தறுவாயில் இருந்தது. சிலர் தெரிந்தே அதனைக் கையேற்றனர், ஏற்றதனை மாற்றினர், மாற்றியதற்குரிய விலையையும் கொடுத்தனர். இதனை அரான்ட்சாசு என்னும் ஒரு மலைக்கோயிலை நடுவாக வைத்து ஆராய்வாம்.

1. நிலமும் மொழியும்

பிரெனே மலைத்தொடரின் மேற்கு முனையில் பிஸ்கே விரிகுடாவை அடுத்துக் கிடப்பது பாஸ்க் நாடு. மரபாக எண்ணப்படும் அதன் ஏழு மாநிலங்களுள் நான்கு இசுபானியாவிலும் மூன்று பிரான்சிலும் அடங்கியுள்ளன. அம்மக்கள் தம் மொழியை எவுஸ்கரா என வழங்குவர். எம்மொழிக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்பெறாத தனிமொழி அது. 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவருள் அம்மொழி பேச வல்லார் ஏறத்தாழ 7,50,000 பேர்.

1936இல் மூண்ட உள்நாட்டுப் போர் இம்மக்களின் வாழ்வைப் பிளந்தது. 1937 ஏப்ரல் 26ஆம் நாள் கெர்னிகா நகரம் வானூர்திக் குண்டுகளால் அழிக்கப்பட்டது. பிராங்கோவின் ஆட்சி வேரூன்றிய பின்னர்ப் பள்ளியிலும் அலுவலகத்திலும் பாஸ்க் மொழிக்கு இடமில்லாது போயிற்று. மக்களின் நம்பிக்கைகளையும் கதைகளையும் தொகுத்துவந்த அறிஞர் பாரந்தியரான் 1936 முதல் 1953 வரை பிரான்சில் வாழ நேர்ந்தது. இளைய மொழியறிஞர் கோல்டோ மிச்செலேனா தூக்குத் தண்டனை விதிக்கப்பெற்று, பின்னர் அது குறைக்கப்பெற்று, 1943 வரை சிறையில் இருந்தார். சிற்றூர்களின் பண்ணை வீடுகளில் மொழி உயிரோடு இருந்தது என்பது உண்மையே. எனினும் நகரமும் கல்வியும் அரசும் அதனைக் கைவிட்டிருந்தன. 1950ஆம் ஆண்டில் நின்று நோக்கிய ஒருவர்க்கு அம்மொழியின் எதிர்காலம் இருண்டே தோன்றியிருக்கும்.

2. முள்மரத்துக் கோயில்

அவ்வாண்டிலேயே அரான்ட்சாசுவில் புதுக்கோயிற் பணி தொடங்கிற்று. கிப்புஸ்கோவா மாநிலத்து ஒன்யாத்தி ஊரை அடுத்த மலைச்சரிவில் உள்ளது இத்தலம். பதினைந்தாம் நூற்றாண்டில் ரொத்ரீகோ என்னும் இடையன் முட்புதரின் மேல் அன்னை மரியாவின் திருவுருவைக் கண்டான் என்றும், வியப்பு மேலிட்டு 'முள்ளிலோ நீ இருப்பது!' என்னும் பொருள்பட வினவினான் என்றும், அவ்வினாவே ஊர்ப்பெயராயிற்று என்றும் கதை வழங்குகின்றது. பெயர்க்காரணக் கதைகளை மொழிநூலார் அப்படியே ஏற்பதில்லை. 'அரான்ட்சா' என்பது முள்ளைக் குறிக்கும் சொல் என்பதில் மட்டும் ஐயமில்லை. 1514 முதல் பிரான்சிஸ்கு சபைத் துறவியர் அங்கு வாழ்ந்து வருகின்றனர். 1834இல் கார்லிசப் போரின்போது அத்தலம் எரியூட்டப்பட்டது.

புதுக்கோயில் எடுக்கத் துணிந்த துறவியர் 1950இல் போட்டி ஒன்று அறிவித்தனர். அதில் வென்றவர் சாயென்சு தெ ஓய்சா, லவோர்கா என்னும் இளங் கட்டடக் கலைஞர் இருவர். கோபுரங்களின் புறச்சுவர் முழுவதையும் கூர்முனையாகச் செதுக்கிய கற்களால் அவர்கள் போர்த்தினர். முள்ளின் கதை கல்லில் மீண்டும் சொல்லப்பட்டது. ஆயின் பழைய கோயில்களின் தூண், வளைவு, பூவேலை ஆகியவற்றுள் ஒன்றையும் அவர்கள் படியெடுத்திலர். கதையின் பொருளைக் கொண்டனர். பழைய உருவத்தை விடுத்தனர். இதுவே பின்வந்த பாஸ்க் புதுக்கலை யாவற்றிலும் காணப்பெறும் நெறி எனலாம்.

முகப்புச் சிற்பங்கள் ஹோர்கே ஓத்தேய்சாவிடமும், இரும்புக் கதவுகள் எதுவார்தோ சில்லிடாவிடமும், நிலவறை ஓவியங்கள் நெஸ்தோர் பாஸ்தெர்ரெச்சேயாவிடமும் ஒப்படைக்கப்பட்டன. மூவரும் பாஸ்க் நாட்டினர். அதே மடத்துத் துறவியாகிய பித்தோரியானோ காந்தியாகா, முட்செடியின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 'எலோரி' என்னும் கவிதை நூலை 1962இல் பாஸ்க் மொழியில் வெளியிட்டார். ஒரு முட்செடி கட்டடமாகவும் கவிதையாகவும் ஒரு தலைமுறைக்குள் மலர்ந்தமை எண்ணத்தக்கது.

3. வழியோரத்துக் கிடந்த சிலைகள்

கிறித்தவ மரபில் திருத்தூதர் பன்னிருவர். ஓத்தேய்சாவோ முகப்பின் குறுக்கே வரிசையாகப் பதினால்வரை அமைத்தார். அவர்தம் உடல்கள் உள்ளே குடைந்தெடுக்கப்பட்டு வெறுமையாக நின்றன. தம்மை முற்றும் பிறர்க்கு ஈந்தவர் உள்ளீடற்றவராகவே நிற்பர் என்பது அவ்வுருவங்கள் சுட்டும் குறிப்பு. திருச்சபை அதிகாரிகளுக்கு இது பொருந்தவில்லை. 1954இல் பணி நிறுத்தப்பட்டது. 1955இல் உரோமையிலுள்ள திருக்கலை ஆணையம் திட்டத்தை ஏற்க மறுத்தது. பாஸ்தெர்ரெச்சேயாவின் ஓவியங்கள் அழிக்கப்பட்டன. அவர் அந்நிலவறைக்கு வேறு ஓவியங்கள் தீட்டியது 1980களிலேதான். திருத்தூதர் சிலைகள் கோயிற் சாலையின் ஓரத்தே பதினான்கு ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன.

அவை அங்ஙனம் கிடந்த காலத்திலேயே, 1957இல், சாவ் பவுலோ அனைத்துலகக் கலைக்காட்சியில் ஓத்தேய்சா சிற்பத்துக்குரிய பரிசினைப் பெற்றார். 1958இல் வெனிசுக் கலைக்காட்சியின் சிற்பப் பெரும்பரிசு சில்லிடாவுக்குக் கிடைத்தது. உலகம் ஏற்ற கலையை உள்ளூர் அதிகாரம் சாலையோரத்தில் கிடத்தியிருந்தது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் (1962–1965) பின்னர்ச் சூழல் மாறியது. 1969இல் சிலைகள் முகப்பில் ஏறின. மரபைச் சார்ந்து எழும் புதுக்கலைக்கு மரபின் காவலரே முதல் எதிரிகளாதல் உண்டு என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்று.

4. கையிலிருந்து கைக்கு

மரபு கையேற்கப்பட்ட முறைகளைப் பிரித்தறிதல் ஆராய்ச்சியாளர்க்கு இன்றியமையாதது. அவற்றுள் முதலாவது, உயிரோடிருந்த முதியோரிடம் நேரே சென்று கற்ற முறை.

சில்லிடா முதலில் மாட்ரிட்டில் கட்டடக்கலை பயின்றார். பின்னர்ப் பாரிசில் வாழ்ந்து கிரேக்கச் சிலைகளின் சாயலில் சாந்தில் உருவங்கள் செய்துவந்தார். அவ்வழி தமக்குரியதன்று என்று உணர்ந்து 1951இல் தாய்நாட்டுக்கு மீண்டு எர்னானி ஊரில் தங்கினார். அவ்வூர்க் கொல்லர் ஒருவரின் உலைக்களத்தில் இரும்பைக் காய்ச்சி அடிக்கக் கற்றார். ஆற்று நீரின் விசையால் துருத்தியும் சம்மட்டியும் இயக்கி இரும்பு வடித்த தொழில் பாஸ்க் நாட்டில் பல நூற்றாண்டுகள் செழித்திருந்தது. அத்தொழிலின் எச்சமே அவர் கற்ற கைத்திறம். அவ்வாண்டில் அவர் படைத்த முதல் இரும்புச் சிற்பத்துக்கு 'இலாரிக்' எனப் பெயரிட்டார். அப்பெயர் பாஸ்க் மக்கள் இறந்தோர்க்கு நாட்டும் நடுகல்லைச் சுட்டுவது. 1977இல் நிறைவெய்திய 'காற்றின் சீப்பு' என்னும் அவரது மூன்று எஃகுச் சிற்பங்கள் சான் செபாஸ்தியான் நகரக் கடற்பாறைகளைப் பற்றி நிற்கின்றன. கட்டடக் கலைஞர் பேன்யா காஞ்செகி அமைத்த கல்முற்றத்தின் துளைகள் வழியே அலையின் விசை காற்றாய் மேலெழுந்து ஒலிக்கும். அங்கே பழைய உருவம் ஒன்றும் இல்லை. பழைய கைத்திறம் உண்டு.

இரண்டாவது சான்று சலபார்த்தா என்னும் மரக்கருவி. தாங்கிகளின் மேல் கிடத்திய பலகையை இருவர் எதிர்நின்று தடித்த கோல்களை நேர்குத்தாகப் பிடித்து இடிப்பர். ஒருவர் இடி சமனாகச் செல்ல, மற்றவர் அதன் இடையே புகுந்து அச்சமனைக் குலைப்பர். குலைந்தது மீண்டும் கூடும். ஆப்பிள் பழத்தை இடித்துச் சாறு பிழிந்து மது சமைக்கும் பணி முடிந்த இரவில் அக்கம்பக்கத்தாரை அழைக்கும் ஒலியாக அது வழங்கிற்று. 1960களில் அதனை மரபாக இசைக்க வல்லார் லசார்த்தே ஊர்ச் சுவாஸ்னாபார் உடன்பிறந்தாரும் அஸ்திகார்ராகா ஊர்க் கோயிகோவெச்சேயா உடன்பிறந்தாருமாகிய இரண்டு இணைகளாகவே சுருங்கியிருந்தனர். உசுர்பில் ஊரினராகிய ஆர்ட்செ உடன்பிறந்தார் அம்முதியோரிடம் சென்று பயின்று, அதனை அரங்கிலேற்றினர். பண்ணைக் கொட்டிலின் கருவி இசைக்கருவியாயிற்று. இன்று அது இசைப்பள்ளிகளில் கற்பிக்கப்படுகின்றது. அம்முதியோர் இன்னும் சில ஆண்டுகள் முன்னரே மறைந்திருப்பின், அல்லது அவ்விளைஞர் சில ஆண்டுகள் பிந்தியிருப்பின், நாம் அதனைப் பற்றி ஏட்டில் மட்டுமே படித்திருப்போம். 'இடையறாத் தொடர்ச்சி' என்பது எத்துணை நொய்ய இழை என்பதை இது காட்டும்.

அவ்வுடன்பிறந்தாருள் ஒருவராகிய யோசியான் ஆர்ட்செ (1939–2018) கவிஞருமாவார். மருத்துவராகிய மிக்கேல் லபோவா (1934–2008) இவர் பாடல்களுக்கு இசையமைத்துப் பாடினார். பழைய எண்ணுப் பாட்டின் பொருளற்ற ஒலிகளைக் கொண்டே புதிய இசைச் சோதனைகளையும் அவர் நிகழ்த்தினார். இவர்களும் லூர்தெஸ் இரியொந்தோ, பெனித்தோ லெர்ட்சுந்தி, சாபியேர் லெத்தே முதலியோரும் சேர்ந்த குழு 1960களின் நடுவில் தோன்றி 1972 வரை இயங்கிற்று. 'பதின்மூன்று இல்லை' எனப் பொருள்படும் அதன் பெயரை ஒரு நாட்டுக்கதையிலிருந்து எடுத்து அளித்தவர் ஓத்தேய்சா. தீக்குறி எனப்பட்ட எண்ணின் சாபத்தை மறுக்கும் பெயர் அது.

5. ஓத்தேய்சாவின் கொள்கை: கலையும் வரலாறும்

இரண்டாவது முறை கற்பனையால் மரபைக் கொள்வது. பாஸ்க் மலைகளில் சிறு கற்களை வட்டமாக நட்ட பழஞ்சின்னங்கள் பல உள. இசைத் தொகுப்பாளராகிய தொனோஸ்தியா அடிகளுக்கு அகின்யா மலையில் அத்தகைய கல்வட்டங்களின் அருகே ஓத்தேய்சா நினைவுச்சின்னம் எழுப்பினார். அவ்வட்டங்களின் நடுவிலுள்ள வெற்றிடமே பாஸ்க் ஆன்மாவின் முதற் கலைப்படைப்பு என்றும், தம் சிற்பம் சென்றடைந்த வெற்றிடமும் அதுவே என்றும் அவர் கருதினார். 1959இல் சிற்பத்தொழிலையே விடுத்து, 1963இல் வெளியிட்ட நூலில் இக்கொள்கையை விரித்துரைத்தார். இளைஞர் பலர்க்கு அந்நூல் விழிப்பூட்டிற்று.

எனினும் அக்கல்வட்டங்கள் இரும்புக் காலத்தார் எரித்த உடலின் எச்சங்களை இட்ட ஈமச்சின்னங்கள் என்பது அகழ்வாய்வாளர் முடிபு. அவர்தம் காலத்திற்கும் ஓத்தேய்சாவின் காலத்திற்கும் இடையே அக்கருத்து வழிவழி வந்தது என்பதற்குச் சான்று இல்லை. கலைஞர் பழம்பொருளில் தம் உள்ளத்தைக் காண்பது பிழையன்று. அக்காட்சியை வரலாற்றாசிரியர் சான்றாகக் கொள்வதே பிழை.

அதே 1963ஆம் ஆண்டில் இலகோவாரி என்பாரின் ஆங்கில நூல் வெளிவந்து, திராவிட மொழிகட்கும் பாஸ்க் மொழிக்கும் உறவு கற்பித்தது நம்மவர் அறிந்ததே. நம் நாட்டில் அதனை மகிழ்ந்து வரவேற்றவரும் உண்டு. ஒழுங்கான ஒலியொப்புமை விதிகளால் நிறுவப்படாமையின் மொழிநூலார் அதனை ஏற்றிலர். இருமொழிகளும் சவேரியாரின் மடலில் சந்தித்தன என்பது சான்றுடைய செய்தி. ஒரு தாய் வயிற்றில் பிறந்தன என்பது விருப்பம். விருப்பத்தைச் சான்றின் இடத்தில் வைத்தால் இரு மொழிகளின் வரலாறும் மங்கும்.

6. மொழியைப் பற்றிய முடிவு

மூன்றாவது முறை, கற்றோர் கூடி எடுத்த முடிவு. 1918ஆம் ஆண்டு ஒன்யாத்திப் பேரவையின் விளைவாகத் தோன்றிய பாஸ்க் மொழிக் கழகம், தன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 1968 அக்டோபரில் அரான்ட்சாசுவில் கூடிற்று. சாலையோரத்துச் சிலைகள் முகப்பேறுதற்கு முந்தைய ஆண்டு அது. வட்டார வழக்குகளாகப் பிரிந்து கிடந்த மொழிக்குப் பொதுவான எழுத்து வழக்கு வேண்டும் என்பதும், நடுநில வழக்குகளை அடிப்படையாகக் கொள்ளலாம் என்பதும் அங்கு வகுக்கப்பட்டன. அம்முடிவிற்கு அடிப்படையான அறிக்கையை வரைந்தவர், முன்னர்த் தூக்குத் தண்டனை பெற்றிருந்த அதே மிச்செலேனா.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. பிரான்சுப் பகுதியினர் ஒலித்து, இசுபானியப் பகுதியினர் ஒலியாது விட்ட மூச்சொலி ஒன்றை எழுதுவதா விடுவதா என்பதன்மேல் நண்பர்களும் பகைத்தனர். விஸ்காய வழக்கில் நெடுநாள் எழுதிவந்தோர், தம் தாயின் சொற்கள் பிழையெனக் கருதப்படுமோ என அஞ்சினர். அவ்வச்சம் பொருளற்றதென ஒதுக்கத்தக்கதன்று. பொதுவழக்குப் பள்ளியேறிய பின் வட்டார வழக்குகள் பல மெலிந்தன. ஆயின் பொதுவழக்கு இன்றேல் பள்ளியும் செய்தித்தாளும் பல்கலைக்கழகமும் அம்மொழியில் அமைதல் அரிது. 1975இல் பிராங்கோ இறந்து, 1979இல் தன்னாட்சிச் சட்டம் வந்தபோது, கற்பிப்பதற்கு ஆயத்தமான மொழி இருந்தது. பெர்னார்தோ அச்சாகாவின் 'ஒபாபாகோவாக்' 1988இல் அவ்வழக்கில் வெளிவந்து, 1989இல் இசுபானிய நாட்டின் தேசியப் புனைகதைப் பரிசினைப் பெற்றது.

7. பாட்டுக்களம்

இம்மூன்று முறைகளும் ஒன்றுகூடிய இடம் பெர்ட்சோ என்னும் ஆசுகவி மரபு. கேட்போர் முன்னிலையில் பொருள் கொடுக்கப்படும். பாடகர் தாம் தேர்ந்த மெட்டில், கருவியிசை இன்றி, அப்போதே பாடுவார். பெருவழக்கான யாப்பு ஒன்றில் எட்டு வரிகள் உண்டு. பத்து உயிரொலி கொண்ட வரியும் எட்டு உயிரொலி கொண்ட வரியும் மாறி மாறி வர, இரட்டைப்படை வரிகளின் இறுதியில் இயைபு அமையும். பாடகர் இறுதி வரியை முதலில் உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, அதனை நோக்கியே முன்வரிகளைக் கட்டுவார். ஆகவே கேட்போர் இறுதியிற் பெறுவது பாடுவோன் முதலிற் பெற்றதாகும்.

1935இல் பசார்ரியும் 1936இல் சிர்ரித்தாவும் வென்ற பொதுப் போட்டி போரால் நின்றது. 1960இல்தான் மீண்டும் தொடங்கிற்று. 1962, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வென்றவர் உஸ்தாபிதே. பண்ணையிலும் மதுச்சாலையிலும் கேட்டுக் கற்ற தலைமுறை அது. 1980இல் வென்ற சாபியேர் அமுரிசாவோ பிராங்கோ ஆட்சியில் சிறையிருந்த குரு. பொதுவழக்கில் பாடி வென்றவர். மறு ஆண்டில் இயைபு அகராதி ஒன்றையும் வெளியிட்டார். பிறவித் திறம் என மதிக்கப்பட்டது கற்பிக்கத்தக்க கலையாயிற்று. அதற்கெனப் பயிற்சிப் பள்ளிகள் பெருகின. ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட அக்களத்தில் 2009இல் மயாலென் லுயன்பியோ வெற்றி பெற்றார். 2017, 2022 ஆண்டுகளிலும் அவரே வென்றார். 2009இல் பாரகால்தோ அரங்கில் கூடியிருந்தோர் ஏறத்தாழ 14,000 பேர். பழைய மரபு அப்படியே காக்கப்பட்டிருப்பின் அப்பெண்மணிக்கு அக்களத்தில் இடம் கிடைத்திராது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன சில. பாஸ்க் மறுமலர்ச்சி தொன்மையின் தானே நிகழ்ந்த விளைவன்று. ஏறத்தாழ 1950 முதல் 1980 வரையிலான முப்பது ஆண்டுகளில், பெயர் குறிக்கத்தக்க சிலர், நாள் குறிக்கத்தக்க செயல்களால் நிகழ்த்தியது அது. அவர்கள் முதியோரிடம் கற்றனர், கற்பனையாற் கொண்டனர், கூடி முடிவெடுத்தனர். இம்மூன்றனுள் முதலதும் மூன்றாவதும் வரலாற்றுச் சான்றால் நிறுவத்தக்கவை. இரண்டாவது கலையாக மதிக்கத்தக்கது, வரலாறாகக் கொள்ளத்தகாதது. இழப்பும் உடன் நிகழ்ந்தது. அழிக்கப்பட்ட ஓவியங்கள் மீளவில்லை; மெலிந்த வழக்குகள் முன்போல் வலிபெறவில்லை.

ஆதலின் மரபை ஆராய்வோர் 'இஃது எத்துணைப் பழமையுடைத்து?' என்று வினவுவதோடு அமைதல் சாலாது. 'இஃது யார் கையிலிருந்து யார் கைக்கு, எவ்வாண்டில், என்ன மாற்றத்தோடு சென்றது?' என்றும் வினவுதல் வேண்டும். முதல் வினா பெருமையைத் தரும். இரண்டாம் வினாவே, கைமாறாது நிற்கும் பொருள்கள் எவை, அவற்றைக் கற்பிக்க இன்னும் உயிரோடிருப்போர் எத்துணைப் பேர் என்பதை நமக்கு உணர்த்தும். லசார்த்தேயிலும் அஸ்திகார்ராகாவிலும் இருந்தவர்கள் நால்வர். கேட்கச் சென்றவர்கள் இருந்தமையால் அக்கருவி இன்றும் ஒலிக்கின்றது.